புகையைப் படிப்படியாகக் கைவிடுதல்

மும்பை நகரின் கிழக்கே, செம்பூரை அடுத்த மாகுல் பகுதியில் இரண்டு பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கி வருகின்றன. ஒன்று 1954-ஆம் ஆண்டிலும் மற்றொன்று 1955-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றவை. எளிதில் தீப்பற்றும் பொருள்கள் நிறைந்த இத்தகைய ஆலைகளுக்குள் தீப்பெட்டி கொண்டு செல்லுதல் கூடாது என்பது கண்டிப்பான விதி. நாளொன்றுக்கு இருபது சிகரெட் பிடிக்கும் தொழிலாளியும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டே தம் வேலை நேரத்தைக் கழிக்கிறார். வால்வுகளைத் திருகுகிறார், கருவிகள் காட்டும் அளவைக் குறித்துக் கொள்கிறார், சக தொழிலாளருடன் அமர்ந்து உணவு அருந்துகிறார். வேலை முடிந்து வாயிலைத் தாண்டியதும் அவர் கை சட்டைப் பையைத் துழாவுகிறது. விடுமுறை நாளில் இதே மனிதரிடம், "இரண்டு மணி நேரம் பிடிக்காமல் இருந்து பாருங்களேன்" என்று சொன்னால், "என்னால் முடியவே முடியாது" என்பார்.

முடியும் என்பதை வேலை நாள் தோறும் அவர் செய்து காட்டுகிறார். ஆனால் அதை அவர் தம் கணக்கில் வரவு வைப்பதில்லை. புகைப் பழக்கத்தைக் கைவிட விரும்பும் ஒருவருக்கு உதவ முற்படும் கள ஊழியரும் ஆசிரியரும் முதலில் கவனிக்க வேண்டியது இந்த விடுபட்ட வரவையே.

இது வெறும் மன உறுதி பற்றிய விஷயமன்று. புகையிலையில் உள்ள நிகோடின் என்னும் பொருள், புகையை உள்ளிழுத்த பத்து இருபது வினாடிகளுக்குள் மூளையை எட்டி விடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. வேட்கை என்பது இந்தக் குறைவினால் மட்டுமே எழுவதாயின், எட்டு மணி நேரம் புகையின்றி இருப்பவர் எட்டாவது மணியில் தவித்துப் போக வேண்டும். விமானப் பணியாளர்களிடையே நடத்தி 2010-ஆம் ஆண்டில் இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இக்கருத்தைச் சோதித்தது. ஒரே பணியாளர்கள் குறுகிய பயணத்திலும் நீண்ட பயணத்திலும் செல்லும்போது, அவ்வப்போது அவர்களுடைய வேட்கையின் அளவு குறித்துக் கொள்ளப்பட்டது. குறுகிய பயணத்தின் முடிவில், விமானம் தரை இறங்கப் போகும் தறுவாயில், வேட்கை உச்சத்தை எட்டியது. நீண்ட பயணத்தில் அதே நேர அளவு கடந்திருந்தபோது அவ்வளவு வேட்கை இல்லை; அங்கும் பயணம் முடியும் நேரத்திலேயே அது பெருகியது. எத்தனை நேரம் பிடிக்கவில்லை என்பதைக் காட்டிலும், எப்போது பிடிக்கக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே வேட்கையை மிகுதியும் ஆட்டி வைத்தது. ஆலைத் தொழிலாளி உள்ளே அமைதியாக இருப்பதற்கும் வாயிலில் பரபரப்பதற்கும் காரணம் இதிலிருந்து விளங்கும்.

மும்பை கண்டறிந்தது

புகையிலையின் தீங்கை ஆராய்வதில் மும்பை நகரத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பரேல் பகுதியில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941-இல் திறக்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய டாக்டர் வி. ஆர். கானோல்கரும் அவருடைய துணைவர்களும் வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கும் புகைத்தல், மெல்லுதல் ஆகிய பழக்கங்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1955-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். மக்கள் தொகையை அடிப்படையாகக் கொண்ட நம் நாட்டின் முதல் புற்றுநோய்ப் பதிவகம் 1963-இல் இந்நகரிலேயே ஏற்பட்டது.

1990-களில் டாக்டர் பிரகாஷ் சி. குப்தாவின் தலைமையில் ஒரு பெரும் கணக்கெடுப்பு நிகழ்ந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் கொண்டு, 35 வயதும் அதற்கு மேலும் உடையவர்களை வீடு வீடாகச் சென்று சந்தித்தார்கள். அக்காலத்திலேயே விடைகளைக் காகிதத்தில் எழுதாமல் கையடக்கக் கணினிகளில் பதிந்து கொண்டார்கள் என்பது நம் கள ஊழியர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். 99,598 பேரைப் பற்றி 1996-இல் வெளியான விவரப்படி, ஆண்களில் 69.3 சதவீதமும் பெண்களில் 57.5 சதவீதமும் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். பெண்களிடையே அது பெரும்பாலும் மிஷ்ரி என்னும் வறுத்த புகையிலைப் பொடியாகவும் மெல்லும் புகையிலையாகவும் இருந்தது. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரைக் கொண்ட இதே கூட்டத்தினரைச் சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சென்று பார்த்து, இறப்பு விவரங்களைச் சேர்த்தனர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையைத் தொடாத ஆண்களின் இறப்பு விகிதத்தை 1 என்று கொண்டால், சிகரெட் பிடிப்போரிடையே அது 1.37 ஆகவும், பீடி பிடிப்போரிடையே 1.64 ஆகவும் இருந்தது.

பீடி இலையால் சுற்றப்பட்டது, புகையிலையும் சிறிதளவே, ஆகவே தீங்கு குறைவு என்ற எண்ணம் தாராவியிலும் உண்டு, திருநெல்வேலியிலும் உண்டு. பீடியை அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்து விடும். அணையாமல் காக்கும் பொருட்டே பிடிப்பவர் அதிக முறை இழுக்கிறார். மேற்கண்ட எண்கள் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

குறைத்தால் போதாதா?

"முழுதும் விட வேண்டாம், குறைத்துக் கொள்கிறேன்" என்று சொல்வோர் பலர். இந்த இடத்தில் ஊழியர்கள் தெளிவாக இருத்தல் அவசியம். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு நேரும் கூடுதல் இருதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதியளவு நேருகிறது என்று 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. இருபதில் ஒரு பங்கு அபாயம் என்று நாம் நினைத்தது தவறாயிற்று. நம் நாட்டில் நடைபெற்று 2008-இல் வெளியான பேராய்வும், நாளுக்கு ஒன்று முதல் ஏழு பீடி வரை மட்டும் பிடிப்போரிடையேயும் இறப்பு மிகுந்திருப்பதைக் கண்டது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. எண்ணிக்கை குறையும்போது உடல் தன் பங்கைக் கேட்டு வாங்கிக் கொள்ளப் பார்க்கிறது. 1986-இல் அமெரிக்காவில் செய்த சோதனையில், நாளொன்றுக்குச் சராசரி 37 சிகரெட் பிடித்தவர்களை ஐந்துக்குக் கட்டுப்படுத்திய போது, ஒவ்வொரு சிகரெட்டிலிருந்தும் அவர்கள் முன்னைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு நிகோடினை உறிஞ்சினார்கள். ஆழமாக இழுத்தனர், கடைசி நூலிழை வரை இழுத்தனர். எண்ணிக்கை ஏழில் ஒரு பங்காகியும், உள்ளே சென்ற தாரும் கார்பன் மோனாக்சைடும் பாதியளவே குறைந்தன.

அப்படியானால் படிப்படியாகக் குறைப்பது வீணா? இல்லை. நாள் குறித்துக் கொண்டு, அந்த நாளை நோக்கி இறங்கும் குறைப்பு பயன் தருகிறது; நாள் குறிக்காத குறைப்பு ஓரிரு மாதங்களில் பழைய எண்ணிக்கைக்கே ஏறி விடக் கூடியது. இங்கிலாந்தில் 697 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு சாரார் இரண்டு வாரத்தில் பாதி, கால் என்று இறங்கி நிறுத்தினார்கள். மற்றவர் குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். நான்கு வாரத்துக்குப் பின் முதல் சாராரில் 39.2 சதவீதமும், இரண்டாம் சாராரில் 49 சதவீதமும் புகையின்றி இருந்தனர். ஒரேயடியாக விடத் துணிந்தவரைப் படிப்படி முறைக்கு நாம் இழுக்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும். எனினும் பின்னர், பல சோதனைகளை ஒருங்கே வைத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டின் ஆய்வுரை, இரு வழிகளுக்கும் இடையே உறுதியான வேற்றுமை காணவில்லை. "ஒரேயடியாக விட எனக்குத் தைரியமில்லை" என்று சொல்பவரைத் திருப்பி அனுப்பி விடாமல் கைப்பிடித்து அழைத்துச் செல்ல, படிப்படி முறையே நம்மிடமுள்ள வழி. அது எண்ணிக்கையைக் குறைக்கும் முறை என்பதை விட, தைரியத்தைச் சேர்க்கும் ஒத்திகை என்று கருதுவதே பொருந்தும்.

இட்லி வியாபாரியின் 16 பீடி

விடியற்காலையில் தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தைச் சுமந்து கொண்டு கிளம்பி, நகரின் பல வட்டாரங்களில் விற்று வரும் தமிழர்களை மும்பையில் அறியாதவர் இல்லை. அவர்களுள் ஒருவர், நாளுக்கு 16 பீடி பிடிப்பவர், நம் சுகாதார ஊழியரிடம் வந்திருப்பதாக வைத்துக் கொள்வோம்.

"அண்ணாச்சி, எழுந்து எத்தனை நேரம் கழித்து முதல் பீடி?"

"கழித்து என்ன தம்பி? எழுந்ததும்தான். அடுப்புப் பற்ற வைக்கிற குச்சியிலேயே அதையும் பற்ற வைத்து விடுவேன்."

முதற்கேள்வியாக இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எழுந்த ஐந்து நிமிடத்துக்குள் முதல் பீடியோ சிகரெட்டோ தேவைப்படுபவரின் உடல் நிகோடினுக்கு மிகவும் அடிமைப்பட்டிருக்கிறது என்று பொருள். இரவு முழுவதும் அளவு இறங்கியிருப்பதால் காலையில் தேவை கூர்மையாக எழுகிறது. ஒரு மணி நேரம் பொறுத்துப் பிடிப்பவரைக் காட்டிலும் இவருக்கு மருத்துவ உதவி கூடுதலாக வேண்டியிருக்கும்.

அடுத்தபடியாக, ஒரு வாரம் எதையும் குறைக்க வேண்டாம் என்று சொல்லி, பீடிக் கட்டுடன் ஒரு துண்டுச் சீட்டையும் நூலில் சேர்த்துக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பீடியைப் பற்ற வைக்கும் முன்பும் நேரம், இடம், உடனிருப்பவர், தேவை எவ்வளவு என்ற நான்கையும் அவர் குறிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் கோடுகளால் குறிக்கலாம்: தாங்க முடியாத தேவைக்கு மூன்று கோடு, சுமாரானதற்கு இரண்டு, சும்மா பிடித்ததற்கு ஒன்று. பற்ற வைத்த பின் எழுதினால் பயனில்லை. முன்னதாக எழுதும் அந்த அரை நிமிடத் தயக்கத்திலேயே பாதி மருந்து இருக்கிறது.

நம் வியாபாரியின் சீட்டு பின்வருமாறு இருக்கக் கூடும். நான்கு மணிக்கு எழுந்ததும் ஒன்று. ஆவி வரக் காத்திருக்கையில் இரண்டு. கிளம்பும் முன் ஒன்று. விற்பனை நேரம் முழுவதிலும் மூன்று மட்டுமே, ஏனெனில் கையில் கரண்டி இருக்கிறது. திரும்பி வந்து காசு எண்ணும்போது ஒன்று. சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. தூங்கி எழுந்து தேநீருடன் ஒன்று. அரிசி களைந்து மாவரைக்கும் வேளையில் மூன்று. மாலையில் நண்பர்களுடன் இரண்டு, படுக்கும் முன் ஒன்று. ஆகப் பதினாறு.

இவற்றுள் மூன்று கோடு போட்டவை நான்கைந்துக்கு மேல் இரா. மற்றவை கை காலியாக இருந்ததால் வந்தவை. அல்லது நண்பர் நீட்டியதால் வந்தவை. தம் கைப்பட எழுதிய சீட்டிலிருந்து இதைத் தாமே கண்டுகொள்ளும்போது அவருக்கு உண்டாகும் வியப்பு, நாம் செய்யும் எந்தச் சொற்பொழிவினாலும் உண்டாகாது. விற்பனை நேரத்தில் நான்கு மணி நேரம் மூன்று பீடியோடு இருந்தவர் தாமே என்பதையும் அப்போது அவருக்குச் சுட்டிக் காட்டலாம். ஆலைத் தொழிலாளியின் கணக்கில் விடுபட்டிருந்த வரவு இதுதான்.

இப்போது நாள் குறிக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு மேல் தள்ளுதல் நன்றன்று. ஊர்க் கோவில் கொடைக்குச் செல்லும் வாரத்தையும் வீட்டில் திருமணம் நடக்கும் வாரத்தையும் தவிர்ப்பது நலம். ஆனால் ஊரிலிருந்து மும்பைக்குத் திரும்பும் நாள் மிகவும் தோதானது. ஏறக்குறைய ஒன்றரை நாள் ரயிலில் புகை பிடிக்கத் தடை இருப்பதால், மிகக் கடினமான முதல் நாள் பயணத்திலேயே கழிந்து விடும். கழிப்பறைக் கதவருகே ஒளிந்து பிடிப்பவர்களுக்கு இந்த யோசனை உதவாது என்பதையும் ஒப்புக் கொள்கிறேன்.

முதல் வாரம் பன்னிரண்டு, இரண்டாம் வாரம் எட்டு, மூன்றாம் வாரம் நான்கு, பின் ஒன்றுமில்லை. ஒரு கோடு போட்டவையே முதலில் போக வேண்டும். அவை போவதில் வலி குறைவு, வெற்றி விரைவு. நான்காம் வாரத்துக்குக் காத்திராமல் முதல் வாரத்திலிருந்தே காலைப் பீடியை இரண்டு நாளைக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளி வைத்துப் பழக வேண்டும். இவ்வளவுக்கும் மேலாக ஒன்று உண்டு. மிச்சமுள்ள பீடிகளை வேட்கை வந்தபோது பிடிக்காமல், கடிகாரம் சொல்லும்போது பிடிப்பது சிறந்தது. எட்டு என்றால் இரண்டு மணிக்கு ஒன்று. நேரம் தவறினால் அது போனது போனதுதான், அடுத்ததோடு சேர்க்கலாகாது. இவ்வாறு நேர அட்டவணைப்படி குறைத்தவர்கள், மனம்போன வேளையில் பிடித்துக் குறைத்தவர்களை விட ஓராண்டுக்குப் பின் அதிகமாக நிலைத்து நின்றனர் என்று 1995-இல் அமெரிக்க உளவியலாளர் சிஞ்சிரிப்பினியும் அவர் குழுவினரும் காட்டினர். வேட்கைக்கும் பீடிக்கும் உள்ள முடிச்சு இதனால் அவிழ்கிறது. வேட்கை வந்தது, பீடி வரவில்லை. பீடி வந்தது, அப்போது வேட்கை இல்லை. நாளுக்கு எட்டு முறை இப்பாடம் நடக்கிறது.

சில்லறையாக ஒன்றிரண்டு மட்டும் வாங்கிக் கொள்ளுங்கள் என்று முன்பு சொல்வதுண்டு. மகாராஷ்டிரத்தில் 2020-இல் சிகரெட்டையும் பீடியையும் உதிரியாக விற்பதற்குத் தடை விதிக்கப்பட்டதால் அந்த யோசனையை நாம் சொல்வதற்கில்லை. அன்றைய பங்கை மட்டும் ஒரு சிறு டப்பாவில் எடுத்துக் கொண்டு, கட்டை வீட்டாரிடமோ பக்கத்துக் கடைக்காரரிடமோ ஒப்படைத்து வைக்கலாம்.

வேட்கை வரும் வேளை

வேட்கையைப் பற்றி மக்கள் கொண்டுள்ள தவறான எண்ணம், அது பீடி கிடைக்கும் வரை வளர்ந்து கொண்டே போகும் என்பதாகும். உண்மையில் ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களில் எழுந்து, உச்சத்தைத் தொட்டு, தானே இறங்கி விடும். பெரும்பாலோர் அது இறங்குவதைப் பார்த்ததே இல்லை; ஏனெனில் அது ஏறும்போதே பற்ற வைத்து விடுகிறார்கள். ஆகவே குறைக்கும் காலத்தில் நாளுக்கு ஒரு முறையாவது, கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரு வேட்கை வந்து போவதை முழுதும் காணச் செய்ய வேண்டும். நெஞ்சில் தோன்றுகிறதா, தொண்டையிலா, விரல் நுனியிலா என்று கவனிக்கச் சொல்லலாம். அதை எதிர்த்து மல்லுக்கு நிற்பது தேவையில்லை. எத்தனை நிமிடம் இருந்தது என்பதைச் சீட்டில் குறித்தால் போதும். முழுதும் நிறுத்திய பின் எரிச்சல், தூக்கக் குறைவு, பசி, மனம் ஒருநிலைப்படாமை ஆகியவை முதல் இரண்டு மூன்று நாட்களில் மிகுந்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். இதை முன்கூட்டியே அறிந்தவர் திகைப்பதில்லை.

அந்த நிமிடங்களைக் கடக்கக் கைக்கும் வாய்க்கும் வேலை தேவை. ஒரு குவளை நீரை மெதுவாகக் குடித்தல், எழுந்து சிறிது தூரம் நடத்தல், சோம்பு, ஏலக்காய், உலர்ந்த நெல்லிக்காய் ஆகியவற்றை வாயில் அடக்கிக் கொள்ளுதல் ஆகியவை பயன்படும். பாக்கு மட்டும் கூடாது. புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோயை விளைவிப்பது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வகைப்படுத்தியுள்ளது. பீடியை விட்டுக் குட்காவுக்குத் தாவுவதும் அவ்வாறே. மகாராஷ்டிரம் குட்காவை 2012-இல் தடை செய்தும் அது மறைவாகக் கிடைப்பதை நாம் அறிவோம். மிஷ்ரியால் பல் தேய்க்கும் வழக்கமுள்ள இந்நகரில், "விட்டு விட்டேன்" என்று ஒருவர் சொன்னால், வாயில் வேறெதுவும் வைக்கிறாரா என்பதையும் பணிவுடன் கேட்டுக் கொள்ள வேண்டும்.

மாதுங்காவின் காப்பிக் கடைகளை அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி. புகையிலுள்ள சில பொருள்கள் ஈரலைத் தூண்டிக் காப்பியின் காபீனை விரைவாகச் சிதைக்கச் செய்கின்றன. புகையை நிறுத்தியதும் இத்தூண்டுதல் நின்று விடுகிறது. எனவே முன்போலவே நான்கு வேளை காப்பி குடிப்பவரின் இரத்தத்தில் காபீன் இருமடங்காகவும் ஆகலாம். கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது. இவ்வளவும் புகையை விட்டதன் துன்பம் என்று எண்ணி அவர் மீண்டும் சிகரெட்டை நாடுகிறார். நிறுத்தும் வாரத்தில் காப்பியையும் தேநீரையும் பாதியாக்கி விட்டால் இத்தொல்லை பெருமளவு நீங்கும். காப்பிக்கும் சிகரெட்டுக்கும் உள்ள நெடுங்கால நட்பு வேறு இருக்கிறது. நிறுத்திய முதல் சில வாரங்களில் காப்பியை வேறு இடத்தில், வேறு நேரத்தில், இயன்றால் நின்றபடியே குடித்து விட்டு நகர்வது நல்லது.

நிகோடின் கலந்த மெல்லும் கோந்தும் தோலில் ஒட்டும் பட்டையும் தேவை மிகுந்தவருக்குப் பெரிதும் துணை செய்யும். 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இவை இடம் பெற்றன. கோந்தை மிட்டாயைப் போல் விடாமல் மெல்லுவோர் விக்கலும் வயிற்றெரிச்சலும் கண்டு எறிந்து விடுகிறார்கள். காரமான சுவை தோன்றும் வரை மெல்ல மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, சுவை மறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். காப்பி குடித்துப் பதினைந்து நிமிடம் ஆகும் வரை கோந்தைத் தொடலாகாது. வாயில் புளிப்புத் தன்மை இருக்கையில் நிகோடின் உட்செல்லாது. இருதய நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்டே இவற்றைப் பயன்படுத்த வேண்டும். மாத்திரைகளும் உள்ளன, அவை மருத்துவர் எழுதித் தர வேண்டியவை.

நம்பிக்கையை அளத்தல்

ஒரு செயலைத் தன்னால் செய்ய இயலும் என்று ஒருவர் கொள்ளும் நம்பிக்கையே, அவர் எவ்வளவு நேரம் முயல்வார், இடறினால் மீண்டும் எழுவாரா என்பதைத் தீர்மானிக்கிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1977-இல் எடுத்துரைத்தார். இந்நம்பிக்கைக்குத் தாமே செய்து பெற்ற வெற்றி முதல் ஊற்று. தம்மைப் போன்ற ஒருவர் செய்ததைக் காண்பது அடுத்தது. பிறர் சொல்லும் ஊக்கமொழி இவ்விரண்டுக்கும் பின்னரே வரும். நாமோ அந்த மூன்றாவதையே முதலில் வைத்து, மேடை போட்டுப் பேசிக் கொண்டிருக்கிறோம். அதே சந்தில் குடியிருக்கும் இன்னோர் இட்லி வியாபாரி பீடியை விட்டிருந்தால், நம் வியாபாரியை அவரிடம் அழைத்துச் செல்வதே ஊழியரின் ஒரு மாதப் பேச்சுக்கு ஈடாகும்.

நம்பிக்கையை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. "குறித்த நாளில் விட்டு விட முடியும் என்று பத்துக்கு எத்தனை நம்புகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் "நான்கு" என்கிறார். "ஏன் நான்கு மட்டும்?" என்று கேட்டால், தம் பலவீனங்களை வரிசையாக அடுக்குவார், சொல்லச் சொல்ல அவையே அவருக்கு உறுதிப்படும். "இரண்டு என்று சொல்லாமல் நான்கு என்றீர்களே, எதனால்?" என்று கேட்டுப் பாருங்கள். "போன வருஷம் மகளுக்கு உடம்பு சரியில்லாதபோது மூன்று நாள் தொடவில்லை தம்பி" என்பது போன்ற பதில் வரும். அம்மூன்று நாளைப் பற்றியே மேலும் பேச வேண்டும்.

விடும் எண்ணம் மக்களிடம் இல்லை என்று சலித்துக் கொள்ளும் ஊழியர்கள் ஒரு புள்ளி விவரத்தை நினைவிற் கொள்வது நன்று. 2016-17-ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் புகை பிடிப்போரில் 55.4 சதவீதம் பேர் விடத் திட்டமிட்டோ எண்ணியோ இருந்தனர், 38.5 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஓராண்டில் முயன்றும் பார்த்தனர். எண்ணம் இருக்கிறது, துணைதான் குறைவு.

ஆசிரியர்களைப் பற்றித் தனியே ஒரு சொல். நவி மும்பையிலுள்ள ஹீலிஸ் செக்சாரியா பொதுச் சுகாதார நிலையமும் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து பீகாரில் 72 பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினர். பாதிப் பள்ளிகளில் ஆசிரியர்களிடையே தொடர்ந்து கலந்துரையாடலும் உதவியும் அளிக்கப்பட்டன. முடிவில், புகையிலையைப் பயன்படுத்தி வந்த ஆசிரியர்களில் முப்பது நாள் விட்டிருந்தவர் உதவி பெற்ற பள்ளிகளில் 50 சதவீதம். மற்றவற்றில் 15 சதவீதம். ஒன்பது மாதத்துக்குப் பின், ஆறு மாதம் விட்டிருந்தவர்கள் முறையே 19-உம் 7-உம் ஆயினர். பாதிக்கு மேற்பட்டோர் நழுவியதும் இவ்வெண்களில் உள்ளது. நிலைத்தவர் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்ததும் உள்ளது. தாமே புகைக்கும் ஆசிரியர், வகுப்பில் அதன் தீங்கைப் பற்றிப் பாடம் நடத்தக் கூசுவார். அவர் விடத் தொடங்கி விட்டதை மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்வதில் இழுக்கில்லை. பிள்ளைகளைத் தந்தைமாருக்கு உளவாளிகளாக்கும் வழக்கம் மட்டும் எனக்கு உடன்பாடன்று. வீட்டில் அதனால் விளையும் சண்டையில் இன்னும் இரண்டு பீடி கூடுதலாகச் செலவாகும்.

நழுவிய பின்

துக்க வீட்டில் ஒருவர் நீட்டிய பீடியை வாங்கிப் பிடித்து விடுகிறார். அதன் பிறகு வரும் எண்ணம் அந்தப் பீடியை விட அபாயமானது: "ஒன்று ஆகி விட்டது, இனி எத்தனை ஆனால் என்ன?" இவ்வெண்ணத்தையே அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1980-களில் விரிவாக ஆராய்ந்தார். வழுக்கி விழுவது வேறு, விழுந்த இடத்திலேயே குடியேறுவது வேறு என்பது அவர் கொண்ட கொள்கை. நிறுத்தும் நாளுக்கு முன்பே இதைச் சொல்லி வைக்க வேண்டும். ஒன்று பிடித்து விட்டால் அதை அணைத்து விட்டு, அந்த மணியிலிருந்தே கணக்கைத் தொடரலாம். புதிய நாள் பார்க்க வேண்டியதில்லை. எங்கே, யாருடன், எந்த நிலையில் நேர்ந்தது என்று சீட்டில் எழுதிக் கொண்டால், அடுத்த துக்க வீட்டுக்குப் போகும்போது சட்டைப் பையில் ஏலக்காய் இருக்கும்.

1800-112-356 என்ற தேசியத் தொலைபேசி எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கிறது. தில்லியில் 2016-இல் தொடங்கிய இச்சேவை, 2018-இல் பெங்களூர், மும்பை, கௌகாத்தி ஆகிய நகரங்களுக்கும் விரிந்தது. மும்பைப் பிரிவு டாட்டா நினைவு மருத்துவமனையைச் சார்ந்தது. தமிழிலும் பேசலாம். புகையிலைப் பொட்டலங்களின் மீதே இவ்வெண் அச்சிடப்பட்டிருப்பதால், பீடிக் கட்டின் உறையைத் தூக்கி எறிந்து விட வேண்டாம் என்று நம் வியாபாரியிடம் சொல்லலாம்.

உதவியின்றி விடுபவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாட்களுக்குள் மீண்டும் தொடங்கி விடுகிறார்கள் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆகவே ஊழியரின் முதல் வருகை, அலுவலக வழக்கப்படி மாத இறுதியில் இருப்பதில் பயனில்லை. நிறுத்திய இரண்டாம் நாளிலும் ஏழாம் நாளிலும் அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். தாராவியானால் மாவரைக்கும் வேளை பார்த்துப் போவது நல்லது. அப்போது "எத்தனை பிடித்தீர்கள்?" என்று தொடங்காமல், "எந்த நேரம் கடினமாக இருந்தது, அதை எப்படிக் கடந்தீர்கள் அண்ணாச்சி?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவருடைய சீட்டிலேயே எழுதிக் கொடுத்து விட்டு வர வேண்டும்.